வாலின் வலது பக்கம்

கவ்விகளை ஒவ்வொன்றாக இறுக்கி முடித்த சாவித்திரி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாள். விமானத்தின் பின்பாதி மரக்குதிரைகளின் மேல் இடுப்புயரத்தில் நின்றது. செங்குத்தாக நிற்கும் துடுப்பில், விமானத்தை இடமும் வலமும் திருப்பும் ரட்டரைக் காலையிலேயே மாட்டியாகிவிட்டது. விரலால் தொட்டால் சத்தமில்லாமல் இடதும் வலதும் போய்வந்தது. இப்போது படுக்கைத் துடுப்பின் பின்விளிம்பில், இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு எலிவேட்டர்கள். விமானத்தின் மூக்கை மேலே தூக்குவதும் கீழே இறக்குவதும் இவற்றின் வேலை. இரண்டின் வெளிநுனிகளையும் துடுப்போடு சமமாக வைத்துக் கவ்வியால் பிடித்துவிட்டால், நடுவில் இரண்டும் சந்திக்கிற இடத்தில் பின்விளிம்புகள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. வலது பக்கம் அரை விரற்கடை தாழ்ந்திருந்தது.

ராஜவேலு டிரில்லை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"போட்டுடலாமா?"

"கொஞ்சம் இருங்க."

"இன்னா?"

"வலது பக்கம் தொங்குது."

"கிளாம்ப் சரியா ஒக்காந்திருக்காது. கழட்டிட்டு மறுபடி இறுக்கு."

கழற்றி மறுபடி இறுக்கினாள். மறுபடி அதே இடத்தில் வந்து நின்றது. அவன் டிரில்லைக் கீழே வைக்கவில்லை.

அன்றைக்குப் போடவிருந்தது ஒரே ஒரு ஓட்டை. ஒவ்வொரு எலிவேட்டரின் உள்முனையிலும் ஒரு இரும்புக் கொம்பு கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு கொம்புகளுக்கும் நடுவே துடுப்போடு பொருத்தப்பட்ட ஒரு பேரிங். மூன்றையும் சேர்த்து ஒரே போல்ட் கோக்கும்படி துளையிட வேண்டும். போட்டபிறகு மாற்ற வழியில்லை. இரண்டு எலிவேட்டரும் அந்தத் துளையில் எப்படி நின்றனவோ அப்படியேதான் ஆயுசுக்கும் நிற்கும். மறுநாள் பெங்களூரிலிருந்து அருள்தாஸ் வருவதாக இருந்தது. ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துக் கையெழுத்துப் போடும் பொறியாளர் அவர். அவர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ராஜவேலு ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆரணியிலிருந்து சேவூர் போகும் ரோட்டில் இருந்த பழைய ரைஸ் மில் கொட்டகை அது. ஊரில் எல்லோரும் பிளேன் கொட்டாய் என்றுதான் சொன்னார்கள். ராஜவேலுவின் அம்மா அந்த மில்லின் களத்தில் கூலிக்கு நெல் கிளறியவள். பதினெட்டு வயதில் விமானப்படையில் சேர்ந்து ஊரைவிட்டுப் போனவன், படையில் விமான உடம்பைப் பழுதுபார்த்து, பிறகு பெங்களூர் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்து, ஓய்வுபெற்று வந்து அந்தக் கொட்டகையையே வாங்கினான். அம்மாவைப் பற்றி அவன் எதுவும் பேசவில்லை. பத்திரம் பதிந்த அன்று களத்தை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தான், அவ்வளவுதான். சாவித்திரி பெரணமல்லூர்க்காரி. ஐ.டி.ஐ. முடித்து அதே தொழிற்சாலையில் ரிவிட் அடிக்கும் பிரிவில் சேர்ந்து, அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளராகி வெளியே வந்தவள். இருவருக்கும் கல்யாணம் பேசியபோது, பிளேன்காரனுக்குப் பிளேன்காரிதான் சரி என்று பெண் பார்க்க வந்த பெரியவர்கள் ஜாதகத்தைக்கூடப் பிரிக்கவில்லை.

சின்ன விமானம் ஓட்ட ராஜவேலு பெங்களூரிலேயே கற்றுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃப்ளையிங் கிளப்புக்குப் போவான். லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே, சொந்தமாக ஒன்று கட்டுவது என்று இருவரும் பேசிவிட்டார்கள். இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம். பாகங்கள் மரப்பெட்டிகளில் கப்பலேறி வந்தன. இறக்கைகளை முடித்து சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். கட்டி முடித்தால் லாரியில் ஏற்றி, ஓசூர் பக்கம் இருக்கும் ஒரு தனியார் ஓடுதளத்துக்குக் கொண்டுபோவதாகத் திட்டம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்துத் தறிவீட்டிலிருந்து சந்திரமோகன் வந்தான். தினமும் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகாவிட்டால் அவனுக்குத் தறியில் உட்கார முடியாது. எலிவேட்டர் என்று முதல் தடவை கேட்டபோது, ஜவுளிக்கடையில் மாடிக்கு ஏற்றிவிடுமே அதுவா என்று கேட்டவன்.

"சந்திரமோகா, பட்டு நூலு கொஞ்சம் எட்த்துகினு வாயேன். நல்லா முறுக்கேத்தினது" என்றாள் சாவித்திரி.

அவன் ஓடிப்போய் ஒரு கண்டிலிருந்து பிரித்துக்கொண்டு வந்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அவள் நூலை விறைப்பாக இழுத்துக் கட்டினாள். இடது எலிவேட்டரின் விளிம்பு நூலோடு முழுக்க ஒட்டி நின்றது. வலதின் விளிம்பு வெளிநுனியில் நூலைத் தொட்டுக்கொண்டிருந்து, நடுவுக்கு வர வர நூலைவிட்டுக் கீழே போயிற்று.

சந்திரமோகன் குனிந்து பார்த்தான். "இன்னாக்கா, துண்ட புழிஞ்சாப்ல கீது."

"ஆமா. முறுக்கிகினு கீது."

"அப்ப இது பறக்காதாண்ணா?"

"பறக்கும்" என்றான் ராஜவேலு. "அதெல்லாம் சூப்பரா பறக்கும். லேசா ஒரு பக்கம் இழுக்கும். ஸ்டிக்க கொஞ்சம் புடிச்சிகினா ஆச்சி."

"எந்நேரமும் புடிச்சிகினே இருக்கணுமா?" என்று கேட்டாள் சாவித்திரி.

சந்திரமோகன் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, தறிக்கு அச்சு கட்ட ஆள் வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினான்.

வலது எலிவேட்டர் ராஜவேலு தனியாகக் கட்டியது. பங்குனியில் சாவித்திரியின் தங்கை புஷ்பலதா கிணற்றடியில் வழுக்கி விழுந்து கால் உடைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்துக்கொள்ள சாவித்திரி பெரணமல்லூர் போயிருந்தாள். ஒருநாள் போனில் கூப்பிட்டு, வலது பக்கத்தை நானே முடித்துவிட்டேன், பிரைமரும் அடித்துவிட்டேன் என்றான். ரிவிட் வேலையை இருவரும் எப்போதும் சேர்ந்துதான் செய்வார்கள். ஒருவர் மேலிருந்து ரிவிட் கன்னை வைத்து அடிக்க, மற்றவர் உள்ளே கனமான இரும்புக்கட்டையை அண்டை கொடுக்க வேண்டும். தனியாகச் செய்ய முடியும் என்றாலும் கஷ்டம். நான் திரும்பி வரும்போது வேலை மிச்சம் இருக்கக் கூடாது என்று செய்திருக்கிறான் என்று நினைத்து அவள் சந்தோஷப்பட்டாள். புஷ்பலதாவிடம் சொல்லிப் பெருமைப்பட்டதும் உண்டு.

இப்போது அவள் துணியைத் தின்னரில் நனைத்து, வலது எலிவேட்டரின் மேல்தகட்டில் ஒரு மூலையில் தேய்க்க ஆரம்பித்தாள்.

"இன்னா பண்ற?"

"பாக்கறேன்."

"பிரைமர் வீணா பூடும் சாவித்திரி."

பிரைமரின் மஞ்சள் கரைந்து துணியில் ஏறியது. கீழே தகடு பளபளத்தது. கதவு வழியாகச் சரிந்து வந்த வெயிலில் ரிவிட் வரிசை தெளிவாகத் தெரிந்தது. தொடக்கத்தில் இருந்தவை அச்சில் வார்த்ததுபோல் சுத்தமாக இருந்தன. அவை ராஜவேலுவின் கைவேலை. அந்தக் கையை அவள் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவாள். தொழிற்சாலையில் அவனைவிடச் சுத்தமாக அடித்தவர்கள் யாரும் இல்லை, அவள் உட்பட. ஆனால் வரிசை போகப் போக ஒவ்வொரு தலைக்குப் பக்கத்திலும் பிறைபோல ஒரு கீறல். கன் நழுவினால் விழும் கீறல். முதலில் ஒன்றிரண்டு, பிறகு எல்லாவற்றிலும். சில இடங்களில் பிறைக்கு மேல் பிறை. அவற்றை மாவு வைத்து நிரப்பி, தேய்த்து, மேலே பிரைமர் அடித்திருந்தான். தகட்டைப் பலகையில் சமமாகக் கிடத்தி, மேலே மணல்மூட்டை வைத்து, நிதானமாக மூடியிருந்தால் முறுக்கு விழுந்திருக்காது. கை சொன்னபடி கேட்காத ஒருவன் எப்படியாவது முடித்தால் போதும் என்று அவசர அவசரமாக மூடியிருக்கிறான்.

அவள் துணியை வைத்துவிட்டு நின்றாள். இரண்டு மாதமாகத் தன் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தவை ஒவ்வொன்றாக வந்து ஒன்றன் பக்கத்தில் ஒன்று உட்கார்ந்தன. ஊரிலிருந்து அவள் திரும்பி வந்தபோது தாடி வைத்திருந்தான். சாமியாராகப் போகிறீர்களா என்று கேலி செய்தாள், சிரித்தான். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். பட்டன் சட்டைகள் பெட்டிக்குள் போய் டீ ஷர்ட்டுகள் வெளியே வந்தன. வெயில் காலம் என்று அவளும் விட்டுவிட்டாள். மேசையில் உட்கார்ந்தால் வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொள்ளும் பழக்கம் எப்போதிலிருந்து வந்தது?

டிரில்லைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். மடியில், டிரில்லின் கனத்துக்குக் கீழே, அது அசையாமல்தான் இருந்தது.

"டிரில்ல கீழ வைங்க" என்றாள்.

"இன்னாத்துக்கு?"

"வைங்க."

வைத்தான். வெறும் கை முழங்காலின் மேல் கிடந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரையை உருட்டுவதுபோல மெல்ல ஆட ஆரம்பித்தன. அவன் இடது கையால் அதை மூடினான். தறிவீட்டின் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது.

"எப்பலருந்து?"

"தை மாசம் லேசா இருந்திச்சி. நீ ஊருக்குப் போனப்பதான் ஜாஸ்தியாச்சி."

"டாக்டராண்ட போனீங்களா?"

"வேலூர் போய்கினு வந்தேன். நரம்பு டாக்டரு. ஆரம்பம்தான், மாத்திரைல கட்டுப்படுத்தலாம்னாரு."

"மாத்திர எங்க?"

"இறக்கை வந்த பெட்டிக்குள்ள வெச்சிகினு கீறேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எதைக் காட்டுவது என்று தெரியாமல் ஸ்பேனர்களை எடுத்து அடுக்கினாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ மெடிக்கல் டெஸ்டுக்குப் போகச் சொல்லுவ. போனா லைசென்ஸ் போச்சி." அவன் விமானத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நான் கட்டின பிளேன ஒரே ஒரு தடவ நான் ஓட்டணும் சாவித்திரி. ஒரு ரவுண்டு. எறங்கிட்டு எல்லாருக்கும் நானே சொல்லிடலாம்னு இருந்தேன்."

"இந்த வால வெச்சிகினா?"

"பின்விளிம்புல கீற சின்ன டேப் தகட்ட கொஞ்சம் வளைச்சா சரியாய்டும். எத்தினி பிளேன்ல அப்டி பாத்துகிறோம்."

"பாத்துகிறோம். அதுல நீங்க இன்ஸ்பெக்டரா கையெழுத்து போட்டு நான் பாத்ததில்ல."

அவன் எழுந்து வெளியே போனான். களத்தின் கோடியில் வேப்பமர நிழலில் அவன் நிற்பது கதவு வழியாகத் தெரிந்தது. அவன் பின்னால் போகலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். போய் என்ன சொல்வது? வேண்டுமானால் அழலாம், அதற்கு இரவு வீட்டில் நேரம் இருக்கிறது. இங்கே கண் முன்னால் முறுக்கிக்கொண்டு நிற்கும் ஒரு பொருள் இருக்கிறது. அதை என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததை முதலில் செய்வது அவள் வழக்கம்.

அருள்தாஸுக்குப் போன் போட்டாள்.

"சார், நாளைக்கி வர வேணாம். வலது எலிவேட்டர பிரிக்கறேன்."

"ஏம்மா, இன்னா ஆச்சி?"

"நேரா இல்ல சார்."

"நேரா இல்லன்னா பிரிச்சிட வேண்டிதுதான். முடிச்சிட்டு சொல்லு" என்று அவர் வைத்துவிட்டார்.

கவ்விகளைக் கழற்றி, வலது எலிவேட்டரைத் தூக்கி மேசைமேல் கிடத்தி, ரிவிட் தலைகளை டிரில் வைத்து எடுக்கத் தொடங்கினாள். அடிப்பதைவிடப் பிரிப்பது கடினம். பிட்டு மையத்தை விட்டு நகர்ந்தால் உள்ளே இருக்கும் சட்டத்தின் துளை பெரிதாகிவிடும். சட்டம் நன்றாக இருந்தது. தகட்டை மட்டும் புதிதாக வரவழைத்தால் போதும். முதல் வரிசை முடிகிற நேரத்தில் கதவில் நிழல் விழுந்தது. ராஜவேலு உள்ளே வந்து, எதிர்ப்பக்கம் நின்று, தலை போன ரிவிட்டுகளைத் துளையாணி வைத்துத் தட்டி வெளியே தள்ளினான். துளையாணி துளையில் உட்காரும்வரை கை ஆடியது. உட்கார்ந்ததும் நின்றது. அவள் பார்த்தாள், பார்க்காததுபோல அடுத்த தலைக்குப் போனாள்.

"ரொம்ப ஆழமா போகாத" என்றான். "தல மட்டும் வந்தா போதும்."

"தெரியும்."

"தெரியும்னு தெரியும். சொல்லணும்னு தோணிச்சி."

புதுத் தகடு வருவதற்குள் இருவரும் வேலூர் போய்வந்தார்கள். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டி, கைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். விமானம் ஓட்டுவதைப் பற்றி சாவித்திரிதான் கேட்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தனியாக ஓட்டுவதை விட்டுவிடுங்கள் என்றார். அதை அவர் சொன்ன விதம் மரியாதையாக இருந்தது. ராஜவேலு சரிங்க என்று தலையாட்டினான்.

திரும்பி வரும் பஸ்ஸில் காய்கறி மூட்டைகளுக்கு நடுவே இடம் கிடைத்தது. கண்ணமங்கலம் வரை அவன் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தான். பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்று இன்ஜின் சத்தம் அடங்கியதும் கேட்டான்.

"முடிச்சி யாருக்கு குடுக்கறது? அருள்தாஸ் சார கேட்டா நல்ல ஆளா பாத்து சொல்லுவாரு."

"எதுக்குக் குடுக்கணும்?"

"பின்ன யாரு ஓட்டறது?"

"அதுல எத்தினி சீட்டு கீது?"

அவன் திரும்பிப் பார்த்தான்.

"ரெண்டு பேருல ஒருத்தர்கிட்ட லைசென்ஸ் இருந்தா போதும் இல்ல. நான் போய் கத்துகறேன்" என்றாள். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதுபோல அவ்வளவு சாதாரணமாக அது வாயிலிருந்து வந்தது. வந்தபிறகுதான் அவளுக்கே தெரிந்தது, வால் பிரித்த அன்றிலிருந்தே தான் இதை யோசித்துக்கொண்டிருந்தது.

"நீயா?"

"ஏன்?"

"ஸ்கூட்டிய சென்டர் ஸ்டாண்டு போட ஆள் கூப்புட்றவ நீ."

"பிளேனுக்கு ஸ்டாண்டு கெடையாதுல்ல."

ராஜவேலு சிரித்துவிட்டான். கொஞ்சமாகத் தொடங்கி, அடக்க முடியாமல், முன்சீட்டில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். பஸ் கிளம்பியது. ஆரணி வருவதற்குள் அவன் சொன்னதெல்லாம் ஒரே வார்த்தைதான். "பாக்கலாம்."

அது சம்மதமா, பேச்சை மாற்றுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கேட்கவும் இல்லை. அடுத்த வாரம் கிளப்புக்குப் போன் போட்டு, ஐம்பதைத் தாண்டியவர்களைச் சேர்ப்பீர்களா என்று விசாரித்தாள். மெடிக்கலில் தேறினால் வயது ஒரு தடையில்லை என்றார்கள்.

தகடு வந்ததும் வேலை தடையில்லாமல் நடந்தது. பலகையில் மணல்மூட்டை வைத்து, ஒவ்வொரு துளைக்கும் பிடிப்பு போட்டு, இந்தத் தடவை கன் அவள் கையில். ராஜவேலு உள்ளே இரும்புக்கட்டையை அண்டை கொடுத்தான். கட்டையின் கனம் கையில் ஏறியதும் விரல்கள் அடங்கிவிட்டன. "அடி" என்பான், அடிப்பாள். "நல்லது" என்பான், அடுத்ததற்கு நகர்வார்கள். பழைய காலத்து வேகம் இல்லை. அவசரமும் இல்லை. நடுவில் ஒரு ரிவிட் சாய்ந்துவிட்டது. அவன் "பிரி" என்றான், பிரித்துவிட்டு மறுபடி அடித்தாள்.

ஆடி பிறந்திருந்தது. வலது எலிவேட்டரை மாட்டி, கவ்விகளை இறுக்கி, பட்டு நூலை இழுத்துக் கட்டிய அன்று சந்திரமோகனும் இருந்தான். அவன் நூலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கண்ணை ஓட்டிக்கொண்டு வந்தான். சாவித்திரியைப் பார்த்துத் தலையாட்டினான். இரண்டு விளிம்பும் நூலோடு ஒரே கோடாக ஒட்டிக்கொண்டிருந்தன.

துளையை இரண்டு பக்கத்திலிருந்தும் போட வேண்டும். பேரிங்குக்குள் எஃகுக் குழல் ஒன்றைச் செருகிவிட்டால் பிட்டு அந்தக் குழலைப் பிடித்துக்கொண்டு நேராகப் போகும். இந்தப் பக்கத்திலிருந்து குழல் வழியாகப் போய் எதிர்ப்பக்கத்துக் கொம்பைத் துளைக்கும். சாவித்திரி ஒரு பக்கத்தை முடித்தாள். இரும்புச் சுருள் பிட்டின் மேல் ஏறி வந்து அறுந்து விழுந்தது. மறுபக்கத்துக்குச் சுற்றிப் போகப் பார்த்தவள் நின்றாள். ராஜவேலு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். கை நீட்டவில்லை, கேட்கவுமில்லை. டிரில்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

துளை கெட்டால் கொம்பு போயிற்று. கொம்பு போனால் எலிவேட்டரையே மறுபடி பிரிக்க வேண்டும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். அவனுக்கும் தெரியும். குழல் எவ்வளவு இறுக்கமானது என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் டிரில்லை வால் மேலாக நீட்டினாள்.

அவன் வாங்கிக்கொண்டான். குழலின் வாயைத் தேடிப் பிட்டு அங்குமிங்கும் அலைந்தது. விளிம்பில் ஒருமுறை கிணுங்கென்று இடித்தது. சந்திரமோகன் உதவ ஒரு அடி எடுத்து வைத்தான். சாவித்திரி கண்ணாலேயே அவனை நிறுத்தினாள். ராஜவேலு மூச்சை விட்டான், இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தான். பிட்டு வாயைக் கண்டுபிடித்து உள்ளே இறங்கியது. இறங்கியதும் எல்லா ஆட்டமும் நின்றது. விசையை அழுத்தினான். சத்தம் சீராக எழுந்து, கொம்பைத் தொட்டதும் கனத்து, பிறகு வழிவிட்டது.

போல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை தடங்கலில்லாமல் போய் உட்கார்ந்தது. கவ்விகளை எல்லாம் கழற்றினார்கள். ராஜவேலு கொம்பை விரலால் தள்ளினான். இரண்டு எலிவேட்டரும் ஒன்றாக எழுந்து, ஒன்றாகத் தாழ்ந்தன. அவன் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தான்.

"கிளப்புல இன்னா சொன்னாங்க?" என்று கேட்டான், கொம்பைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"மெடிக்கலுக்கு வரச் சொல்லிகிறாங்க."

"எப்ப?"

"போற அன்னிக்கு நீங்களும் வரணும்."

அவன் பதில் சொல்வதற்குள் சந்திரமோகன் இரும்புத்தூள் பெருக்கிவிடலாம் என்று களத்துப் பக்கம் இருந்த பெரிய கதவை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தான். ஆடிக் காற்று திமுதிமுவென்று உள்ளே நுழைந்தது. தரையில் கிடந்த காகிதங்கள் பறந்தன. யாரும் தொடாமலே ரட்டர் ஒரு பக்கம் திரும்பியது. எலிவேட்டர்கள் இரண்டும் சேர்ந்து மெல்ல மேலெழுந்து, காற்றில் சாய்ந்து மிதந்தன. காற்றில் ஆடிவிடாமல் அவற்றைப் பூட்டிவைக்கும் மரக்கட்டைகள் சாவித்திரியின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தன. அவள் எடுக்கவில்லை. ராஜவேலுவும் நகரவில்லை. கனமில்லாத எதையோ சுமந்துகொண்டிருப்பதுபோல வால் அசைந்துகொண்டிருந்தது.